முதுகு காட்டிய சாமி

அந்தக் குகைக் கோயிலில் வவ்வால் இல்லை.

வைகுண்டராஜன் கல்லுடைக்கிறவன். வேளிமலைச் சரிவில் அவன் நுழைந்து பார்க்காத பாறைப் பொடவு, குகை கிடையாது. எதற்குள் தலையை நீட்டினாலும் முதலில் மூக்கில் ஏறுவது வவ்வால் எச்சத்தின் காட்டமான நெடிதான்; பிறகு காலடியில் மெத்தென்று அமுங்கும் புழுக்கை, தலைக்கு மேலே தோலோடு தோல் உரசுகிற சத்தம். இங்கே அது ஒன்றும் இல்லை. ஆடி மாதத்து உச்சிப்பொழுது. வெளியே சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளேயிருந்து வந்ததோ இப்போதுதான் அணைத்த திரியின் வாசனை. எறும்பு இல்லை. பல்லி இல்லை. மூலையில் ஒரு சிலந்தி வலைகூட இல்லை. காலையில் யாரோ கூட்டித் துடைத்துவிட்டுப் போனதுபோலத் தரை பளிச்சென்று கிடந்தது.

"பாத்தியாட்டி? நமக்காகத் தூத்துவாரி வச்சிருக்கு," என்றான் மனைவி நேசபாயிடம்.

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதுவரை சிலை வைத்த கோயில் எதுவும் அவனுக்குத் திறந்திருந்ததில்லை. சொந்த ஊர்ச் சிவன் கோயில் மதிலுக்குக் கல் உடைத்துக் கொடுத்தவர் அவன் அப்பா. அந்தக் கல் மதிலில் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அவருக்குச் சாகும்வரை வாய்க்கவில்லை. கோயில் தெருவில் அவர் சாதிக்காரன் கால் வைக்கக்கூடாது. சுசீந்திரத்தில் தெருவில் நடக்கும் உரிமை கேட்டுச் சனம் கூடிய வருஷம் வைகுண்டராஜனும் போய் வரிசையில் கைகோத்து நின்றான். தள்ளுமுள்ளில் புருவம் கிழிந்தது. தையல் போட்ட தழும்பைத் தடவிப் பார்ப்பது அன்றுமுதல் அவனுக்கு வழக்கமாகிவிட்டது. சிலை வைக்காத அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடமான தாங்கலில், கண்ணாடிக்கு முன்னால் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று கும்பிடுகிறவன் அவன். எவன் எதிரே வந்தாலும் அந்தத் தலைப்பாகையை அவிழ்ப்பதில்லை.

நேசபாய் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். வீட்டில் இருந்து லேஸ் பின்னிக் கொடுப்பாள். "எங்க கோயிலு கதவு தொறந்துதான கிடக்கு? வந்து உக்காருங்க. ஆரும் எழும்பச் சொல்லமாட்டாவ," என்று கல்யாணமான புதிதில் சொல்லிப் பார்த்தாள்.

"தொறந்த கதவுக்குள்ள எதுக்குட்டி நான் போணும்? பூட்டுனதத்தான் தொறக்கணும்," என்பான் அவன்.

ரோட்டு வேலைக்குக் கல் பார்க்கப் போன இடத்தில்தான் இந்தக் குன்று அகப்பட்டது. பள்ளிப்பாறை என்று பெயர். சுற்றியுள்ள நிலம் பகவதியப்பனுடையது. கோயில் தெருவில் இவர்கள் நடந்தால் தீட்டு என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து பேசுகிற மனிதர் அவர். வைகுண்டராஜன் சண்டைக்குத் தயாராகவே போய்க் கேட்டான், அந்தப் பாறைக் கோயிலில் எங்கள் ஆட்கள் விளக்கு வைத்துக் கும்பிடலாமா என்று. பகவதியப்பன் வெற்றிலையை மென்றபடி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"போயேம்ல. ஆரு தடுத்தா?"

"எங்க ஆளுவ எல்லாரும் வருவாவ."

"எல்லாரும் போகலாம்லே அங்க. உனக்க ஆளு, எனக்க ஆளுன்னு ஒரு பேதமும் கிடையாது. நீயே வச்சுக்கிடு."

"நீங்க போனதுண்டா?"

அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எங்களுக்கு எங்க கோயிலு உண்டுல்லா," என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் பள்ளிப்பாறை இருந்த திசைக்குப் போகவில்லை. வேண்டுமென்றே போகவில்லை என்று வைகுண்டராஜனுக்குத் தோன்றியது. கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் அதை அப்படியே விட்டுவிட்டான்.

இப்போது மனைவியோடு முகப்பில் நின்று பார்க்கையில், இப்படி ஒரு வேலையை யாரும் தீண்டாமல் விட்டது எப்படி என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. முழுப் பாறையைக் குடைந்த கோயில். படிக்கட்டின் அடியில் பாதி நிலவு மாதிரி ஒரு கல். அதில் அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து போயின. முன்னால் இரண்டு தூண்கள். அடியும் முடியும் சதுரம், இடை மட்டும் எட்டுப் பட்டை, ஒவ்வொன்றிலும் விரிந்த தாமரை. வாசலுக்கு மேலே குதிரை லாடத்தின் வடிவில் ஒரு பெரிய சாளரம். அதன் வழியே வெளிச்சம் உள்ளே சாய்ந்து விழுந்தது. உள்ளே நீண்ட மண்டபம். கூரையைப் பார்த்ததும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். கல்லிலே விட்டமும் கைமரமும் செதுக்கியிருந்தார்கள், ஓட்டு வீட்டு மேல்கூரைபோலவே. ஆணி அடித்த புடைப்புக்கூட விடாமல். மண்டபத்தின் கடைசிச் சுவர் யானையின் பின்புறம்போல அரைவட்டமாக வளைந்திருந்தது. இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல் படுக்கை, தலை வைக்கிற இடத்தில் கல்லாலேயே தலையணை.

"துறவிங்க படுத்த எடம்," என்றாள் நேசபாய். "பாருங்க, எல்லாத் தலையணையும் ஒரே பக்கமா, அந்த வளைஞ்ச சொவரு பக்கமாட்டு இருக்கு."

வளைந்த சுவருக்கு முன்னால், வட்டமான தாமரைப் பீடத்தின்மேல் சாமி இருந்தது. வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

ஆள் உயரக் கருங்கல். சம்மணம் போட்ட இருப்பு. இடது தோளில் துணி மடிப்பு, தோள்வரை தொங்கும் காது, பின்னந்தலையில் நத்தைச் சுருள் முடி. உளி போன தடம் அத்தனையும் நேற்றுச் செதுக்கியதுபோலக் கூர்மையாக இருந்தது. முகம் சுவரைப் பார்த்து இருந்தது.

"இது புத்தரு," என்றாள் நேசபாய். "எங்க பாடப் புத்தகத்துல படம் உண்டு. ஆனா அதுல நம்மளப் பாத்துல்லா இருப்பாரு."

வைகுண்டராஜனின் கை தானாகப் புருவத் தழும்புக்குப் போனது.

"இதுவுமாட்டி? எல்லாரும் வரலாம்னு கதவத் தொறந்து போட்டுட்டு, வந்தா திரும்பி இருந்துக்கிடுமா?"

சிலைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய இடமில்லை. அவன் பக்கவாட்டில் ஒட்டி நின்று கையை உள்ளே விட்டுத் துழாவினான். மார்பு தட்டுப்பட்டது. உயர்த்திய வலது கை தட்டுப்பட்டது. உள்ளங்கை சுவரில் பதிந்திருந்தது, விரல்கள் விரிந்தபடி. இன்னும் எம்பித் தொட்டபோது கன்னம். கன்னம் நனைந்திருந்தது.

"கைய சொவருல வச்சிருக்கு," என்றான்.

"தடுக்கதுமாதிரியா?"

அந்தச் சொல் அவனைச் சுட்டது. கையை வெளியே எடுத்துக்கொண்டான். "இங்கயும் தடுக்கவா? இருக்கட்டும். நாளான்னிக்கு நம்ம ஆளுவ வரும்போ இது மொகத்தக் காட்டும். நான் காட்ட வைப்பேன்."

அவள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க. பக்கத்துல ஆராவது தரை மெழுகுதாவளா?"

அவனும் கேட்டான். தாழ்ந்த சத்தம். சாணியைக் கரைத்து ஊற்றி உள்ளங்கையால் வளைத்து வளைத்து மெழுகும்போது வருகிற அதே ஈரச் சத்தம். இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. அவசரமே இல்லாத சத்தம். நிறைய இடம் மெழுக வேண்டியிருக்கிறது, நிறைய நேரமும் இருக்கிறது என்பதுபோல.

"ஊத்துத் தண்ணியா இருக்கும்," என்றான்.

வெளியே வரும்போது கதவு இருந்த இடத்தைப் பார்த்தான். மரக்கதவு எப்போதோ மக்கிப் போயிருந்தது. குறுக்குக் கட்டை போட்டு அடைப்பதற்கான குழிகள் மட்டும் நிலைக்கல்லில் மிச்சம். இரண்டு குழியும் வெளிப்பக்கம் இருந்தன. எந்தக் கோயிலையும் சாமியை உள்ளே வைத்து வெளியே கட்டை போட்டு யாரும் அடைப்பதில்லை. ஒரு குழியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுப் படியிறங்கினான்.

மறுநாள் காலையில் குமாரதாஸ் இரண்டு கம்பிப்பாரைகளோடு வந்தான். குமாரதாஸ் அவனுக்குக் கல்லுடைப்பில் இணை. ஒருவன் உளி பிடித்தால் மற்றவன் சம்மட்டி அடிப்பான். ஒருவன் கையை மற்றவன் நம்பாமல் அந்தத் தொழில் நடக்காது. மூன்று பேருமாக ஏறினார்கள். மழை மேகம் மூடி, உச்சிப்பொழுதே அந்திபோல இருந்தது. நேசபாய் அகல் விளக்கைப் பீடத்தின் ஓரத்தில் வைத்து ஏற்றினாள். சுடர் நேரே நிற்கவில்லை. வளைந்த சுவரைப் பார்த்துச் சாய்ந்து எரிந்தது, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

"சொவருல ஓட்டை கிடையாதே," என்றான் குமாரதாஸ்.

"பாரையப் போடு வே."

பீடம் வேறு, சிலை வேறு. அடியில் குழவி மாதிரி ஒரு முளை இருந்து குழிக்குள் உட்கார்ந்திருக்கும் என்று வைகுண்டராஜன் கணக்குப் போட்டிருந்தான். அது சரியாக இருந்தது. இரண்டு பக்கமும் பாரையைக் கொடுத்து, ஏலேலோ பாடி நெம்பினார்கள். கல் அசையவில்லை. தோளில் நரம்பு புடைத்தது. வேர்வை கண்ணில் வழிந்தது. மறுபடி. சுவரோடு ஒட்டியிருந்த உள்ளங்கை ஈரத் தோல் உரிகிற சத்தத்தோடு பிரிந்தது. சிலை சட்டென்று திரும்பியது. கனமெல்லாம் இறங்கிவிட்டதுபோல, ஒரே வீச்சில், மண்டபத்தைப் பார்த்து.

மூவரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள்.

கண்கள் திறந்திருந்தன. அகலமாக, இமை தெரியாமல். உதடு விரிந்து பல் பல்லோடு கடித்திருந்தது. தாடைச் சதை இறுகி முடிச்சிட்டிருந்தது. கழுத்தில் நரம்பு. செதுக்கியவன் ஒன்றையும் விடவில்லை. முகம் முழுதும் நீர்த்துளிகள். உயர்த்திய கையின் உள்ளங்கை மட்டும் உளித்தடமே இல்லாமல், ரேகை இல்லாமல், ஆற்றுக் கூழாங்கல் மாதிரி தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

வைகுண்டராஜனுக்கு அந்த முகம் தெரியும். சுசீந்திரத்தில் வரிசையில் கைகோத்து நின்றபோது பக்கத்தில் நின்றவனுக்கு இருந்த முகம். எதிரே கூட்டம் நெருக்கி வரும்போது, பின்னால் நிற்கும் பெண்களுக்கும் கிழவர்களுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் இருந்த முகம்.

இது நம்மைப் பார்க்க மறுத்துத் திரும்பி இருக்கவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் நேசபாய் அவன் கையைப் பிடித்தாள்.

"மெழுகுத சத்தம் நின்னுட்டுது," என்றாள்.

ஆமாம். நின்றிருந்தது. அகல் சுடர் இப்போது சுவரை விட்டு அவர்கள் பக்கமாகச் சாய்ந்து எரிந்தது. மூச்சை இழுத்து முடித்தாயிற்று. விடத் தொடங்கியிருந்தது.

"இஞ்ச பாரு ஓய்," என்றான் குமாரதாஸ். சிலையின் மடித்த முழங்கால்கள் முன்பக்கம் திரும்பியதில் பின்னால் ஆள் நிற்க இடம் விழுந்திருந்தது; அவன் அதில் நுழைந்து சுவருக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தான். சிலையின் கை பதிந்திருந்த இடத்தில் ஒரு பள்ளம், கையின் வடிவத்தில். ஆனால் சிலையின் விரலைவிட அந்தப் பள்ளத்தின் விரல்கள் நீளம். "உள்ள இருந்து எவனோ கை வச்ச தடம்போல இருக்கு," என்று சிரித்துக்கொண்டே தன் வலது கையை அதில் பொருத்திப் பார்த்தான்.

"எடு வே. கைய எடு."

குமாரதாஸ் சிரிப்பதை நிறுத்தினான். பயந்த மாதிரி இல்லை. நினைவு தப்பிய மனிதன் எதையோ ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி முகம்.

"ராஜா," என்றான் மெதுவாக. "எனக்க கைய ஆரோ பிடிச்சிருக்காவ."

வைகுண்டராஜன் பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தான். கை வரவில்லை. "பைய தடவுதாவ, மக்கா. நோவு இல்ல," என்றான் குமாரதாஸ் தூக்கக் குரலில். நேசபாயும் அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் கை விடுபட்டு மூவரும் தரையில் விழுந்தார்கள். கையை விளக்கில் பார்த்தார்கள்.

சம்மட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை அது. காய்ப்பு இல்லை. ரேகை இல்லை. விரல் மடியும் இடத்துக் கோடுகள் இல்லை. நகம் இல்லை. அஞ்சு விரலும் ஈர மண்ணில் பிடித்து வைத்ததுபோல, உள்ளங்கை முழுதும் யாரோ மெழுகிவிட்ட வளையங்களோடு, பளபளவென்று.

குமாரதாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான இருக்கு?" என்றான்.

சுவரில் அந்தப் பள்ளம் இப்போது பள்ளமாக இல்லை. மட்டமாகியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேடாகியது. வைகுண்டராஜன் கருங்கல்லைச் சின்ன வயசிலிருந்து அறிந்தவன். வெட்டினால் எப்படித் தெறிக்கும், வெயிலில் எப்படிப் பிளக்கும் என்று அறிந்தவன். அது இளகுவதை அன்றுதான் கண்டான். ஈரச் சுவரை அந்தப் பக்கத்திலிருந்து அமுக்கினால் எழும்புகிற மாதிரி, ஒரு கை எழும்பியது. அடங்கியது. அதற்குக் கீழே இன்னொன்று. தள்ளி இன்னொன்று. பொறுமையாக. இடம் தேடி.

"திருப்பணும். திரும்ப வைக்கணும். பாரைய எடு."

குமாரதாஸால் பாரையைப் பிடிக்க முடியவில்லை. வழவழத்த கையில் இரும்பு நிற்காமல் நழுவியது. நேசபாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கப் பாரையைப் பிடித்தாள். இருவரும் நெம்பினார்கள். திரும்பி வந்தபோது காற்றாக வந்த கல் இப்போது மலையாக இருந்தது. பீடத்துக் குழியில் கல்துணுக்கு விழுந்து முளை சிக்கிக்கொண்டது. ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. பிறகு அசையவே இல்லை.

"ஆளு வேணும்," என்றான். "கீழ போ. நம்ம ஆளுவ எல்லாரையும் கூட்டிட்டு வா. கிடைக்கிறவங்க எல்லாரையும்."

"நீங்க?"

அவன் தலைப்பாகையை அவிழ்த்தான். நேசபாய் அதைப் பார்த்து வாய் பொத்தினாள். வீட்டிலும் தூங்கப்போகும்போதுதான் அதை அவிழ்ப்பான். நீளத் துணியை இரண்டாகக் கிழித்து இரண்டு கையிலும் தடியாகச் சுற்றினான். சுவரில் எழும்பிய மேட்டின்மேல் இரண்டு கையையும் வைத்து, காலைப் பீடத்தில் முட்டுக்கொடுத்து அழுத்தினான்.

"நான் நிக்கேன். நீ போ."

"உங்கள விட்டுட்டு..."

"நீ போட்டி! இந்தச் சொவருக்குள்ள இருக்கது ஊருக்குள்ள எறங்குனா ஆரு மிச்சம்?"

அவள் அழவில்லை. அவன் முதுகில் ஒருதரம் நெற்றியை வைத்தாள். பிறகு குமாரதாஸை எழுப்பிக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போகும் காலடி படிக்கட்டில் இறங்கித் தேய்ந்தது.

தனியாக நின்றான்.

துணிக்கு அந்தப் பக்கம் ஒரு கை அவன் கையைத் தேடி வந்து பொருந்தியது. தள்ளவில்லை. தடவியது. குழந்தையை உறங்கவைக்கிற தடவல். கையிலிருந்து தோளுக்கு ஒரு சுகம் ஏறியது. புருவத்துத் தழும்பு குறுகுறுத்தது. இதையும் மெழுகித் தருகிறேன் என்று சொல்வதுபோல. அப்பா உடைத்த கல், நிற்காதே என்று விரட்டிய குரல்கள், விலகிப்போன நிழல்கள், எல்லாவற்றையும் மட்டமாக்கித் தருகிறேன். உயரம் இல்லை, தாழ்வு இல்லை. எல்லாரும் வரலாம். எல்லாரும் ஒன்றுதான்.

"வேண்டாம்," என்றான் வைகுண்டராஜன் உரக்க.

தடவல் நின்றது.

"எனக்க தழும்பு எனக்கு வேணும். கேட்டியா? நான் நிக்கித எடத்தவிட்டு ஒருத்தன் சொல்லி நகந்தவன் இல்ல. ராசா சொல்லி நகரல்ல. நீ சொல்லியா நகரப்போறேன்?"

சுவர் தள்ளியது.

அவனும் தள்ளினான். மழை பிடித்துக்கொண்டது. சாளரத்து வெளிச்சம் மங்கி, சாம்பலாகி, போனது. அகலில் எண்ணெய் குறைந்தது. காலை மாற்றி ஊன்றினான். உடம்பு முழுக்க வேர்வை. உள்ளே ஒன்றல்ல, பல கைகள் என்று இப்போது தெரிந்தது. தோளருகே ஒன்று எழும்பியது, முழங்கையால் அமுக்கினான். வயிற்றருகே ஒன்று, முட்டியால் அமுக்கினான். திட்டினான். சிரித்தான். அய்யா பெயரைச் சொன்னான். முதுகுக்குப் பின்னால் கல்முகம் மண்டபத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. "நீரு இத்தன காலம் ஒத்தைக்கு நின்னீரே," என்றான் அதைப் பார்க்காமலே. "நான் ஒரு பொழுது நிக்கமாட்டனா?"

அப்போது மலையடியில் சத்தம் கேட்டது.

காலடிகள். நிறைய. ஓலைச் சூட்டுப் பந்தங்களின் வெளிச்சம் முகப்புத் தூண்களில் ஏறியது; தாமரைகள் சிவந்தன. வந்துவிட்டாள். எல்லாரையும் கூட்டி வந்துவிட்டாள்.

"வாருங்க, மக்கா! இஞ்ச வந்து பிடியுங்க! ரெண்டு பேரு பாரையில நில்லுங்க!"

வெளிச்சம் மண்டபத்துக்குள் வந்தது. பீடத்தின் இரண்டு பக்கமும் கூட்டம் நெருங்கி நிற்பதை உடம்பு உணர்ந்தது. அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, அவன் கைக்குப் பக்கத்தில் சுவரில் ஊன்றியது. இடுப்புக்கருகே இன்னொன்று. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. வைகுண்டராஜன் கண்ணை மூடி விம்மினான். இத்தனை கை. இனி நகராது.

"அழுத்துங்க," என்றான்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இவ்வளவு மலை ஏறி வந்தவர்கள். மழையில் ஓடி வந்தவர்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

கண்ணைத் திறந்தான்.

அவன் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது பெண் கை. கண்ணாடி வளையல், மழையில் நனைந்து. அவன் மாட்டிவிட்ட வளையல். லேஸ் ஊசி குத்திக் குத்திப் புள்ளி விழுந்த விரல் அவளுக்கு. புள்ளி இல்லை. நகம் இல்லை. கோடு இல்லை. அதற்கப்பால் இருந்த கையிலும் இல்லை. அதற்கப்பாலும். சுவர் நிறைய கைகள், ஈரம் மினுங்க, மழமழவென்று, ஒன்றைப்போல ஒன்று.

அவள் குமாரதாஸை அந்தக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப் போயிருக்கிறாள்; கீழே அவள் பிடித்து அழைத்த ஒவ்வொரு கைக்கும் அது ஏறியிருக்கிறது.

"நேசம்," என்றான்.

அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள். சூட்டு வெளிச்சம் அவள்மேல் விழுந்தது. காதில் கம்மல் இருந்தது. வகிடு இருந்தது. கண் இருந்த இடத்தில், மூக்கு இருந்த இடத்தில், வாய் இருந்த இடத்தில், தரையில் கை ஓடிய வளையங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக. ஈரம் காயாமல். அவளுக்குப் பின்னால் மண்டபம் முழுதும், வாசல் வரைக்கும், வாசலுக்கு வெளியே படிக்கட்டு வரைக்கும், அதேபோல.

வைகுண்டராஜன் கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினான். முன்னால் சுவர் தள்ளியது. பக்கத்திலிருந்து, வளையல் சத்தம் மெதுவாகக் கேட்க, ஒரு கை எழும்பி அவன் புருவத்தை நோக்கி வந்தது.